ஆவியை அளந்தவர்

போன மாதம் ஒரு ஆச்சி ஆபரேஷன் தியேட்டர் மேஜையில் படுத்தபடி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏ ஐயா, நான் திரும்ப முழிச்சிருவம்லா?"

"முழிச்சு, ராத்திரிக்கு இட்லியும் சாப்பிடுவீய ஆச்சி" என்றேன். அப்படியே நடந்தது. மறுநாள் காலை வார்டுக்குப் போனால் ஆச்சிக்கு என்னைத் தெரியவில்லை. "அறுத்த டாக்டரு எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்டார். மயக்க டாக்டர் வேலைக்கு வந்தவனுக்கு இது பழகிப்போகும். நம்மைப் பார்த்த கடைசி நிமிஷத்தை அழிப்பதுதானே நம் தொழில்.

ஆனால் எங்கள் தொழிலின் மூத்தவர் ஒருவரை உலகம் மறந்தவிதம் கொஞ்சம் வினோதமானது. ஜான் ஸ்னோ. பெயரைச் சொன்னால் மருத்துவம் படிக்காதவர்கள்கூட, "காலரா, லண்டன், அடிபம்பு" என்பார்கள். பொதுச் சுகாதாரம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. அந்த மனிதர் தினம் சோறு தின்றது குளோரோபார்ம் என்ற மயக்க மருந்து கொடுத்து என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் ஆட்களிடம் கேட்டால், "விக்டோரியா ராணிக்குப் பிரசவத்தில் குளோரோபார்ம் கொடுத்தவர்" என்று அந்தப் பக்கத்தை மட்டும் சொல்வோம். ஒரே ஆளை இரண்டாகப் பிய்த்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இரண்டு பாதியும் ஒன்றுதான் என்பது என் கட்சி. மயக்க டாக்டராக இருந்ததால்தான் அவருக்குக் காலரா பிடிபட்டது.

1813இல் வட இங்கிலாந்தின் யார்க் நகரில், ஊஸ் ஆற்றங்கரையை ஒட்டிய ஏழைத் தெரு ஒன்றில் பிறந்தார். அப்பா கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் இவர் மூத்தவர். 14 வயதில் நியூகாசிலில் ஒரு அறுவை மருத்துவரிடம் தொழில் பழக விட்டார்கள். 17 வயதில் மாமிசத்தை விட்டார், பிறகு சாராயத்தைத் தொடுவதில்லை என்றும் முடிவெடுத்தார். குடிக்கிற தண்ணீரைக்கூடக் காய்ச்சி வடித்துத்தான் குடிப்பார் என்று நண்பர்கள் கிண்டலடித்திருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பேச்சில் கவர்ச்சி கிடையாது, குரல் கரகரவென்று இருக்கும். அந்தக் கால லண்டனில் மேட்டுக்குடி நோயாளிகளை வளைக்கத் தேவையான எந்தச் சாமர்த்தியமும் இல்லாத ஆள். 1836இல் லண்டன் வந்து, படித்து, தேர்வெழுதி, சோஹோ பகுதியின் ஃபிரித் தெருவில் சின்னதாகத் தொழில் தொடங்கினார். 1844இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டமும் வாங்கிவிட்டார். அப்படியும் வாசலில் கூட்டம் கூடவில்லை.

1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்ய வைத்தார். டிசம்பரில் சேதி லண்டனுக்கு வந்துவிட்டது. ஆளாளுக்கு ஈதர் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மயக்கம் வந்தது. சிலர் பாதியில் எழுந்து ரகளை செய்தார்கள். சிலர் மேல் அது வேலையே செய்யவில்லை. "இது சரிப்பட்டு வராது" என்று பலர் கைவிடப் பார்த்தார்கள்.

ஸ்னோ அங்கே ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். நாம் ஈதர் கொடுக்கிறோம் என்கிறோமே, எவ்வளவு கொடுக்கிறோம்? ஈதர் ஆவியாகும் அளவு அறையின் வெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த காற்று கொஞ்சம் ஆவியைத்தான் தாங்கும், சூடான காற்று நிறையத் தாங்கும். ஆவியாக ஆக, மிச்சமிருக்கும் திரவமும் குளிர்ந்துபோய் ஆவி குறைந்துகொண்டே வரும். அதனால் ஒரே பஞ்சு, ஒரே மருந்து, ஆனால் ஜனவரி மாதக் காலையில் ஒரு அளவு, கணப்பு எரியும் கூடத்தில் இன்னொரு அளவு. சில வாரங்களுக்குள் எந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு ஈதரை ஏந்தும் என்று அட்டவணை போட்டுவிட்டார். ஆவி வரும் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து வெப்பம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கருவி ஒன்றையும் செய்தார். இன்றைக்கு என் மெஷினில் மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரைத் தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும். அத்தனை கனமான உலோகம் எதற்கு? வெப்பம் சட்டென்று மாறக் கூடாது என்பதற்கு. ஸ்னோவின் தண்ணீர்த் தொட்டி செய்த அதே வேலை.

ஓராண்டுக்குள் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற பிரசவ டாக்டர் குளோரோபார்மை மயக்க மருந்தாகக் கண்டெடுத்தார். கைக்குட்டையில் கொஞ்சம் ஊற்றி மூக்கில் வை, முடிந்தது வேலை என்று அது காட்டுத்தீ போலப் பரவியது. 1848 ஜனவரி 28, நியூகாசில் பக்கம் வின்லேட்டன் என்ற ஊரில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால்விரல் நகத்தை எடுக்க உட்கார்ந்தாள். கைக்குட்டை. சில நிமிடங்களில் செத்துப்போனாள். குளோரோபார்மில் பதிவான முதல் சாவு. அவள் வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியும் புரையேறித்தான் செத்தாள் என்றார் சிம்ப்சன். ஸ்னோ ஒப்புக்கொள்ளவில்லை. கைக்குட்டையில் அளவு கிடையாது, காற்றில் ஆவி திடீரென்று அதிகமானால் இதயமே நின்றுபோகும் என்றார். விலங்குகள் மேல் சோதித்தார். தானே முகர்ந்து, தள்ளாடி, எழுந்து குறிப்பெழுதினார். காற்றில் குளோரோபார்ம் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற முடிவுக்கு வந்தார். மயக்கம் எப்படிப் படிப்படியாக ஆழமாகிறது என்பதை ஐந்து படிகளாகப் பிரித்து எழுதினார். சாகும் வரை 4,000 பேருக்கும் மேல் குளோரோபார்ம் கொடுத்திருக்கிறார்.

1853 ஏப்ரல் 7. விக்டோரியா ராணிக்கு எட்டாவது பிரசவம். ஸ்னோவைக் கூப்பிட்டார்கள். 53 நிமிடம் கொடுத்தார், வலி வரும்போது கொஞ்சம், விட்டால் நிறுத்தம். அதுவும் எதில்? கைக்குட்டையில்! கைக்குட்டையை அத்தனை திட்டியவர்தான். இதை முரண்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். பிரசவ அறையில் நின்றவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியாது. அறுவைக்கு ஆளை ஆழமாக இறக்க வேண்டும், அங்கே அளவு தவறினால் உயிர் போகும். பிரசவத்தில் தாய் நினைவோடு இருக்கலாம், வலியின் முனையை மழுக்கினால் போதும். ராணி தன் நாட்குறிப்பில் அந்த மருந்தை வாயார வாழ்த்தினார். 1857இல் கடைசிப் பிரசவத்துக்கும் இவரையே கூப்பிட்டார். ராணி என்ன சொன்னார், எப்படி இருந்தார் என்று ஆர்வத்தோடு கேட்டவர்களிடம் ஸ்னோ வாய் திறக்கவே இல்லை.

இனி காலரா. இதற்குள் நுழையும் முன் அந்தக் காலத்து நாற்றக் கொள்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழுகிய பொருளிலிருந்து கெட்ட காற்று கிளம்புகிறது, அதை முகர்ந்தவனுக்கு நோய் வருகிறது. இதை நம்பியவர்கள் ஒன்றும் மூடர்கள் இல்லை. இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன்னோடியான எட்வின் சாட்விக்கே நாற்றமெல்லாம் நோய்தான் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னவர். நாற்றம் வீடுகளில் தங்கக் கூடாது என்று மலக்குழிகளை மூடி, கழிவையெல்லாம் தேம்ஸ் நதியில் தள்ளினார்கள். அந்த நதியிலிருந்துதான் தண்ணீர்க் கம்பெனிகள் குடிநீர் எடுத்தன. 1848–49 காலராவில் லண்டனில் மட்டும் 14,000க்கும் மேல் செத்தார்கள்.

ஸ்னோ பதின்ம வயதில், 1831–32இல், நியூகாசில் அருகே கில்லிங்வொர்த் நிலக்கரிச் சுரங்கத்தில் காலராவைக் கண்ணால் பார்த்தவர். சுரங்கத்துக்குள் கக்கூஸ் கிடையாது. இருட்டில் போன இடத்திலேயே இருந்துவிட்டு, கழுவாத கையோடு கட்டிக்கொண்டு வந்ததைத் தின்பார்கள். அது அவர் மனதில் கிடந்திருக்க வேண்டும். ஆனால் 1849இல் அவரை வேறு பக்கம் யோசிக்க வைத்தது ஆவிகளைப் பற்றி அவருக்கிருந்த அறிவு என்றுதான் நான் படிக்கிறேன். ஈதரை முகர்ந்தவனுக்கு என்ன ஆகும்? நுரையீரல் வழியே ரத்தத்தில் ஏறி, முதலில் தலை கிறங்கும். ஆவியிலிருந்து பத்தடி தள்ளி நின்றவனுக்கு ஒன்றுமே ஆகாது, ஏனென்றால் காற்றில் பரவப் பரவ அளவு குறையும். காலராவோ நேரே குடலில் ஆரம்பிக்கிறது. வாந்தி, பேதி, உடம்பின் நீரெல்லாம் வற்றிப்போய் ரத்தம் குழம்பாகிச் சாவு. தலைக்கு ஏதாவது ஆனால் அது கடைசியில்தான். இது முகர்ந்து வருகிற விஷத்தின் நடத்தையே இல்லை. வாய்வழி போன ஏதோ ஒன்று, குடலுக்குள் பெருகி, மலத்தோடு வெளியேறி, அடுத்தவன் வாய்க்குப் போகிறது.

1848 செப்டம்பரில் ஹாம்பர்க்கிலிருந்து கப்பலில் வந்த ஜான் ஹார்னால்ட் என்ற மாலுமி, தேம்ஸ் தென்கரையில் ஒரு வாடகை அறையில் செத்தான். ஒரு வாரம் கழித்து அதே அறைக்குக் குடிவந்தவனுக்குக் காலரா. இந்த மாதிரிச் சம்பவங்களைக் கோத்து 1849இல் 31 பக்கச் சிறு வெளியீடு ஒன்றை எழுதினார். பெரிதாக யாரும் மதிக்கவில்லை.

1854 ஆகஸ்ட் 31 இரவு. ஸ்னோவின் பழைய வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், பிராட் தெருவைச் சுற்றி ஆட்கள் விழத் தொடங்கினார்கள். பத்து நாளில் 500க்கும் மேல் சாவு. ஞாயிற்றுக்கிழமை ஸ்னோ போய் அந்தத் தெரு அடிபம்பின் தண்ணீரைப் பார்த்தார். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. சந்தேகம் வருமளவுக்குக் கூட அழுக்கில்லை. வேறொருவர் அங்கேயே விட்டிருப்பார். இவர் பதிவு அலுவலகத்துக்குப் போய் மூன்று நாளில் செத்த 83 பேரின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். அநேகமாக எல்லாச் சாவும் அந்த அடிபம்பைச் சுற்றி. வேறொரு பம்பு பக்கத்தில் இருந்த வீடுகளில் விழுந்த சாவு பத்து. அந்தப் பத்தில் ஐந்து வீட்டார், "பிராட் தெருத் தண்ணீர்தான் ருசி" என்று அங்கே ஆளனுப்பி எடுத்தவர்கள். இன்னும் மூன்று பேர் குழந்தைகள், பம்புக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்.

அந்தத் தெருவின் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரம்மா, மதியச் சாப்பாட்டுக்குப் பம்புத் தண்ணீர்தான் வைப்பேன், வாடிக்கைக்காரர்களில் ஒன்பது பேர் போய்விட்டதாகத் தெரியும் என்றார். சின்னக் கடைகளில் அதே தண்ணீரில் ஒரு கரண்டி நுரைக்கும் பொடியைப் போட்டு சர்பத் என்று விற்றிருக்கிறார்கள். பக்கத்துப் பீர் ஆலையில் 70க்கும் மேல் தொழிலாளிகள், ஒரு சாவு இல்லை. முதலாளியைக் கேட்டால், "அவனுக ஆலையில கொடுக்கிற பீரைத்தான் குடிப்பானுக, தண்ணி குடிச்சு நான் பாத்ததில்லை" என்கிற மாதிரி பதில். மது தொடாத ஸ்னோ இந்தப் பதிலை எப்படிக் குறித்துக்கொண்டார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். 535 பேர் இருந்த ஏழைகள் விடுதியில் ஐந்தே சாவு. அவர்களுக்குச் சொந்தக் கிணறு.

எனக்கு மிகவும் பிடித்தது ஹாம்ஸ்டெட் விதவையின் கதை. ஊருக்கு வெளியே, மேட்டில், நல்ல காற்று வீசும் இடம். பிராட் தெருப் பக்கம் பல மாதமாக வந்ததே இல்லை. அவரும் செத்தார். மகனைப் பிடித்து விசாரித்தார் ஸ்னோ. அம்மாவுக்கு அந்தப் பம்புத் தண்ணீர் என்றால் உயிர், தினமும் வண்டியில் ஒரு பெரிய புட்டித் தண்ணீர் அனுப்புவோம் என்றார் மகன். பார்க்க வந்திருந்த உறவுப் பெண்ணும் அதைக் குடித்துவிட்டு இஸ்லிங்டன் திரும்பிச் செத்தாள். ஹாம்ஸ்டெட்டிலும் இஸ்லிங்டனிலும் அப்போது காலரா இல்லை. காற்று அந்தப் புட்டிக்குள் ஏறி வண்டியில் போகாது.

செப்டம்பர் 7 மாலை வட்டார நிர்வாகக் குழுவிடம் போய்ச் சொன்னார். மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இங்கேதான் கதைசொல்லிகள் திரையை இறக்குவார்கள்: கைப்பிடி போனது, காலரா நின்றது. ஸ்னோ அப்படி எழுதவில்லை. ஜனங்கள் ஏற்கெனவே ஊரைக் காலி செய்து ஓடிவிட்டார்கள், கைப்பிடியைக் கழற்றும் முன்பே புது நோயாளிகள் குறைந்துவிட்டார்கள், கிணற்றில் விஷம் அப்போது இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது என்று தானே எழுதிவைத்தார். தன் பெருமைக்குத் தானே குறிப்பு எழுதிக் குறைத்துக்கொண்ட மனிதர்.

ஆனால் இதற்கு ஒரு பின்கதை உண்டு. அந்த வட்டாரத்து உதவிப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட், ஸ்னோ சொல்வது தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பினார். வீடு வீடாக, ஸ்னோவை விடப் பொறுமையாக, ஒரே வீட்டுக்குப் பலமுறை போய்க் கேட்டுக் கேட்டுக் கடைசியில் ஸ்னோ பக்கமே வந்து சேர்ந்தார். 40ஆம் எண் வீட்டில் லூயிஸ் தம்பதியின் கைக்குழந்தைக்கு மற்றவர்களுக்கு முன்பே பேதி கண்டிருந்தது. துணி அலசிய தண்ணீரைத் தாய் வீட்டு முன்னிருந்த மலக்குழியில் கொட்டியிருக்கிறாள். தோண்டிப் பார்த்தால் குழியின் செங்கல் சிதைந்து கிடந்தது. அதற்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே மூன்றடி கூட இல்லை. குழந்தை செப்டம்பர் 2 அன்று இறந்தது. அதன் தகப்பன், போலீஸ்காரர் தாமஸ் லூயிஸ், படுக்கையில் விழுந்தது செப்டம்பர் 8. கைப்பிடி கழன்ற அதே நாள். அந்த வீட்டுக் குழிக்கு மறுபடி காலரா இறங்கத் தொடங்கிய நாளில் கிணறு அடைபட்டிருந்தது. அவர் 19ஆம் தேதி இறந்தார். நின்றுபோன அலையைக் கைப்பிடி நிறுத்தவில்லை. வரவிருந்த இன்னொரு அலையை அது தடுத்திருக்கலாம்.

பிராட் தெருவின் வெளிச்சத்தில் மறைந்துபோனது அதே ஆண்டு தென் லண்டனில் அவர் செய்த வேலை. அங்கே இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஒரே தெருவில் கலந்து ஓடின. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி, லண்டன் சாக்கடை கலக்கும் பேட்டர்சீயில் தண்ணீர் எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852இலேயே ஆற்றின் மேலே, தேம்ஸ் டிட்டனுக்குப் போய்விட்டது. அடுத்தடுத்த வீடு, அதே நாற்றம், அதே காற்று, அதே வறுமை. தண்ணீர் மட்டும் வேறு. மூன்று லட்சம் பேர் தங்களுக்கே தெரியாமல் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், உங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டால் குடியிருப்பவருக்குத் தெரியாது. கட்டணம் கட்டுவது வீட்டுக்காரர், அவர் எங்கோ இருப்பார். சாவு விழுந்த வீட்டு வாசலில் நின்று ரசீதைத் தேடு என்று எப்படிச் சொல்வது? ஸ்னோ ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டினார். உப்பு இருந்தால் வெள்ளையாகத் திரியும். கடல் ஏற்றமும் சாக்கடையும் கலந்த பேட்டர்சீத் தண்ணீரில் ஒரு கேலனுக்கு 37.9 கிரெய்ன் (பழைய எடை அளவு) உப்பு, லாம்பெத் தண்ணீரில் 0.95. நாற்பது மடங்கு. தவறவே வழியில்லை. ஆவியை அளந்தவரின் கை இங்கேயும் தெரிகிறது.

ஏழு வாரக் கணக்கு இது: சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் தண்ணீர் போன 40,046 வீடுகளில் 1,263 சாவு. லாம்பெத் தண்ணீர் போன 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315, 37. இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகும் ஒருவர் காற்றைக் குறை சொல்ல முடியுமா? முடிந்தது. அரசின் சுகாதாரக் குழு இவர் சொன்னதை ஏற்கவில்லை. 1855இல் தன் நூலின் பெரிய பதிப்பைச் சொந்தக் காசு 200 பவுனுக்கு மேல் போட்டு வெளியிட்டார். விற்றது 56 பிரதி.

எல்லா இடத்திலும் அவர் சரியென்று சொல்லமாட்டேன். அதே 1855இல் நாற்றத் தொழில்களைக் கட்டுப்படுத்தும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. எலும்பு வேகவைப்பவர்களும் மற்ற நாற்றத் தொழில் முதலாளிகளும் சாட்சிக்கு இவரைக் கூப்பிட்டார்கள். போனார். நாற்றத்தால் தொற்றுநோய் வராது, வந்தால் அந்தத் தொழிலாளிகள்தானே முதலில் சாக வேண்டும் என்றார். காலராவைப் பொறுத்தவரை சரி. ஆனால் நாள் முழுக்க ஒரு பட்டறைப் புகையை முகர்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்கிற அளவுக்கு அதை நீட்டினால் தப்பு, அதை மற்றவர்களைவிட ஆவியின் அளவு தெரிந்த அவரே உணர்ந்திருக்க வேண்டும். 'லான்செட்' மருத்துவ இதழ் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டது: டாக்டர் ஸ்னோ தன் சுகாதார உண்மைகளை மொண்டெடுக்கும் கிணறு சாக்கடைதான் என்று எழுதியது.

1858 ஜூன் 10 அன்று, குளோரோபார்ம் பற்றிய தன் பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. 16ஆம் தேதி இறந்தார். வயது 45. அந்தக் கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்படி மூக்கைப் பொத்திக்கொண்டதில் பிறந்ததுதான் பொறியாளர் பேசல்ஜெட் கட்டிய பெரிய சாக்கடைத் திட்டம். நாற்றத்தை ஒழிக்கக் கட்டினார்கள், அது குடிநீரைக் காப்பாற்றியது. சாக்கடை இன்னும் போய்ச் சேராத கிழக்கு லண்டனில்தான் 1866இல் காலரா கடைசியாக வெடித்தது. ஒரு காலத்தில் ஸ்னோவை ஒப்புக்கொள்ளாத புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் அப்போது தண்ணீர்க் கம்பெனியைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

ஸ்னோ இறந்தபோது லான்செட் இரண்டே வாக்கியத்தில் இரங்கல் முடித்தது. சாக்வில் தெரு வீட்டில் இறந்தார், குளோரோபார்ம் ஆராய்ச்சியைத் தொழில்துறையினர் மதித்தனர், அவ்வளவுதான். காலரா என்ற சொல்லே இல்லை. 155 ஆண்டு கழித்து, 2013இல், அதே இதழ் அந்த இரங்கலுக்குத் திருத்தம் வெளியிட்டது. காலராவை விட்டுவிட்டோம் என்று. இதை நான் தியேட்டரில் சொன்னபோது எங்கள் சர்ஜன் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அடப்பாவி, அவர் மயக்க டாக்டரா?"